இன்னைக்கு சிலம்பு உண்டா?

எங்கள் வீட்டில் வாக்குவாதம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். சென்னையில் ஒரு விசேஷம் வந்தால் போதும்.

அக்கா மகளுக்கு வளைகாப்பு. அக்கா குடும்பம் தாம்பரத்தில் இருக்கிறது. நாங்கள் எம்.ரெட்டியபட்டியில். அக்கா போனில் தேதியைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் பயணத்தை முடிவு செய்துவிட்டார்.

"ராத்திரி பத்து மணிக்கு வண்டிய எடுத்தா, விடியக்காலம் அஞ்சரைக்கெல்லாம் தாம்பரம். குளிச்சிட்டு டிபன் சாப்பிடலாம். ஒரு அலைச்சலும் இல்ல."

திண்ணையில் உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அன்னைக்கு சிலம்பு உண்டாடா?"

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிலம்பு என்றால் எங்கள் பக்கத்தில் கண்ணகியின் கால் சிலம்பு இல்லை. சென்னை எழும்பூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடும் சிலம்பு எக்ஸ்பிரஸ். திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை என்று வந்து அருப்புக்கோட்டையைத் தொட்டு, விருதுநகர், ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டை போகும். வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும்.

அதனால் எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் "எத்தனை மணிக்கு?" என்பார்கள். ரயிலைப் பற்றி என்றால் "இன்னைக்கு உண்டா?" என்பார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் எங்கள் ரயில் நாலுவழிச் சாலையிடம் தோற்றுப் போகிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

அண்ணனின் கணக்கு

அண்ணன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கார் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. பவுசுக்காக மட்டும் அவர் அதைப் பேசவில்லை.

எம்.ரெட்டியபட்டியில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் திருச்சுழிக்கோ அருப்புக்கோட்டைக்கோ போக வேண்டும். ராத்திரி வண்டிக்குப் போவதற்கே பஸ் நேரம் பார்த்து, சாமானைத் தூக்கி ஏறி, பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஸ்டேஷன் போய்ச் சேர வேண்டும். வத்தல், கருப்பட்டி, ஒரு மூட்டை அரிசி, சாத்தூர் காராச்சேவு என்று அக்காவுக்குக் கொண்டுபோகும் சாமான்கள் தனி. காரில் என்றால் டிக்கியில் போட்டு மூடிவிடலாம். வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலில் இறங்கலாம்.

சாலையும் அப்படி இருக்கிறது. அருப்புக்கோட்டை வழியாகப் போகும் மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலைக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை 38 என்று எண். அதே எண்ணில் மதுரை, திருச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று போய், திருவண்ணாமலை வழியாக வேலூர் வரை சாலை நீள்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் விழுப்புரத்தில் பிரிந்து திண்டிவனம் வழியாகப் போகலாம். எலியார்பத்தியில் தொடங்கி சமயபுரம், விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று டோல் கேட்டுகளைத் தாண்டினால் தாம்பரம்.

செலவைப் பார்ப்போம். போக வர ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 70 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஏழாயிரம். டோல் தனி. ரயிலில் படுக்கை வசதிப் பெட்டி என்றால் ஓர் ஆளுக்கு ஒரு வழிக்கு நானூறு ரூபாய்க்குள் முடியும். நாலு பேர் போய் வர மூவாயிரத்து இருநூறு. மூன்றடுக்கு ஏசி என்றால் ஏறத்தாழ அதைப் போல இரண்டரை மடங்கு. அப்போது நாலு பேருக்குக் காரும் ரயிலும் கிட்டத்தட்டச் சமம். ஐந்தாவது ஆள் ஏறினால் கார் லாபம். ஒருத்தரோ இரண்டு பேரோ போனால் ரயில்தான் லாபம். காருக்கு ஆள் கணக்குக் கிடையாது. ரயிலுக்கு ஆள்தான் கணக்கு.

"பாத்தியா? கணக்கு சரியாத்தான இருக்கு?" என்றார் அண்ணன்.

சரியாகத்தான் இருந்தது. அம்மா அதில் ஒரு வரியைச் சேர்க்கும் வரை.

அம்மாவின் கணக்கு

"எனக்குக் கார் வேணாம்ப்பா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு முதலில் முழங்காலைச் சொன்னாள். முன் சீட்டைப் பின்னால் தள்ளித் தருகிறேன் என்றார் அண்ணன். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கார்ல போறதா இருந்தா மத்தியானத்துல இருந்தே நான் தண்ணி குடிக்கிறதில்ல."

எங்களுக்கு அது தெரியாது. அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. சர்க்கரை இருக்கிறது. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். நடு ராத்திரி நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்தச் சொல்வது? பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை பூட்டியிருக்கும், அல்லது பூட்டாமல் இருந்தும் உள்ளே போக முடியாத நிலையில் இருக்கும். மகனிடம் "வண்டிய நிறுத்துடா" என்று மூன்றாவது தடவை கேட்கக் கூச்சம். அதனால் தொண்டை வறண்டாலும் பரவாயில்லை என்று உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு ஐந்நூறு கிலோமீட்டர் வந்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை. நாலு தடவை.

சர்க்கரைக்காரர்கள் இப்படித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். இது எங்கள் அம்மாவோடு முடிகிற கதை இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அண்ணன் வேறு ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். அம்மா நிறுத்தவில்லை.

"பொங்கல் முடிஞ்சு வந்தப்ப, விழுப்புரம் தாண்டி ஒரு இடத்துல நீ கண்ண மூடிட்ட. ரோட்டோரத்துக் கோட்டு மேல சக்கரம் ஏறி கடகடன்னு சத்தம் வந்துச்சு பாரு. அந்தச் சத்தத்துலதான் நீ முழிச்ச. முன்னாடி ஒரு லாரி நின்னுட்டிருந்துச்சு."

நான் அப்போது பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். மதினியும் பிள்ளைகளும் தூக்கம். அண்ணன் எங்களிடம் சொல்லவே இல்லை. அம்மாவும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. "ஓட்டுற பிள்ளையப் பயமுறுத்தக் கூடாதுல்ல" என்றாள்.

அண்ணன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் இந்தியாவிலேயே அதுதான் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 49 பேர். ரயிலில் விபத்தே இல்லை என்று சொல்லவில்லை. 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோர் அருகே ஏறத்தாழ 290 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. நாடே உலுக்கப்பட்டது. ஆனால் அத்தனை பேர் நம் மாநிலச் சாலைகளில் ஆறு நாளில் இறந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவராக, இரண்டிரண்டு பேராக இறப்பதால் நாம் உலுங்குவதில்லை.

திருச்சுழிப் பையனின் ரயில்

ரயில் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் சொல்லாமல் விட முடியாத கதை ஒன்று இருக்கிறது. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன் என்ற பையன், தகப்பனார் காலமான பிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் இருந்து படித்தான். 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயதில், யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். பிறகு உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

ஆன்மிகத்தை விட்டுவிட்டு அந்தப் பயணத்தை மட்டும் பாருங்கள். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக இருந்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான். பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று முடிவு செய்தான். அவன் மதுரை ஸ்டேஷனுக்குப் போனதே நேரம் கடந்துதான். நல்ல வேளையாக அன்றைக்கு ரயிலும் தாமதம். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குத் திண்டிவனம் டிக்கெட் வாங்கி ஏறிவிட்டான். உடன் வந்த மௌல்வி ஒருவர்தான், விழுப்புரத்தில் இறங்கி மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பாதை அவன் பார்த்த பழைய வரைபடத்தில் இல்லை. பாதி ரயில், பாதி நடை, கடைசியில் மறுபடியும் ரயில் என்று செப்டம்பர் 1-ம் தேதி போய்ச் சேர்ந்தான்.

ரயில் இருந்தது. பையனின் வரைபடத்தில்தான் இல்லை. நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்தும் அதே திருச்சுழிப் பக்கத்தில் எங்கள் நிலைமை அதுதான். தண்டவாளம் இருக்கிறது. ஸ்டேஷன் இருக்கிறது. எங்கள் மனசில் இருக்கும் வரைபடத்தில் ரயில் இல்லை. அண்ணனுக்கு நாலுவழிச் சாலையின் டோல் கேட்டுகள் வரிசையாகத் தெரியும். சிலம்பு எந்தெந்தக் கிழமை என்று தெரியாது.

பழக்கம் விட்டுப் போன கதை

இது அண்ணனின் தப்பு இல்லை. பழக்கம் எப்படி விட்டுப் போனது என்று பாருங்கள்.

மதுரையிலிருந்து விருதுநகர் வழியாகத் தூத்துக்குடிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. கிழக்கே இருக்கும் எங்கள் வறண்ட பூமிக்கு வர இன்னும் எண்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. விருதுநகர் - அருப்புக்கோட்டை மீட்டர்கேஜ் பாதை 1963-ல் திறந்தது. அது திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரையைத் தொட்டது 1964-ல். ஜப்பான்காரர்கள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே நாலு மணி நேரத்தில் போகும் புல்லட் ரயிலை விட்டதும் அதே 1964-ல்தான். அவர்களுக்கு அதிவேக ரயில், எங்களுக்குக் கரிசல் காட்டில் கரும்புகை விட்ட ரயில். ஆனாலும் எங்களுக்கு அது பெரிய விஷயம்தான்.

பிறகு பாதையை அகலமாக்குவதற்காகச் சில வருஷங்கள் மூடினார்கள். 2013 ஜூலையில் அகலப்பாதையாகத் திறந்தார்கள். அந்தப் பணி நடந்த காலத்தை ஒட்டித்தான் மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலையும் பயன்பாட்டுக்கு வந்தது. ரயில் இல்லாத வருஷங்களில் ஊர் பஸ்ஸுக்கும் வேனுக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் பழகியது. கொஞ்சம் வசதி வந்தவர்கள் கார் வாங்கினார்கள். ரயில் திரும்பி வந்தபோது ஊர் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

திரும்பி வந்த ரயிலும் முழுதாக வரவில்லை. சிலம்பு வாரம் மூன்று நாள். 2023 ஏப்ரலில் தாம்பரம் - செங்கோட்டை எக்ஸ்பிரஸ் வந்தது. அதுவும் அருப்புக்கோட்டை வழிதான், அதுவும் வாரம் மூன்று நாள்தான். ஆனால் திருவாரூர், பட்டுக்கோட்டை என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு வரும். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது தேவையான ரயில். அவசரமாகச் சென்னை போகிற எங்களுக்கு அது சுற்று வழி.

மதுரைக்குப் போவதற்கு ரயிலை நாங்கள் நினைப்பதே இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு நேர் ரயில் பாதை கிடையாது. விருதுநகர் போய்த் திரும்ப வேண்டும், அல்லது மானாமதுரை போய்த் திரும்ப வேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போல ஆகும் ஊருக்கு யார் முக்கோணம் சுற்றுவார்கள்?

அந்த நேர் பாதைக்கான திட்டம் இருக்கிறது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புதிய ரயில் பாதை, சுமார் 143 கிலோமீட்டர், 2011-12 ரயில்வே பட்ஜெட்டில் வந்தது. தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டர் முடிந்தது. 2025 ஜனவரியில் ரயில்வே அமைச்சர் சென்னையில் பேசியதை வைத்து, திட்டமே கைவிடப்பட்டதாகச் செய்தி பரவியது. பிறகு, சத்தத்தில் ‘தூத்துக்குடி’ என்ற கேள்வி ‘தனுஷ்கோடி’ என்று காதில் விழுந்துவிட்டதாக ரயில்வே தரப்பில் விளக்கம் வந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "பேரு காதுல விழுறதுக்கே இந்தப் பாடுன்னா, ரயில் எப்பப்பா வந்து சேரும்?"

சாலை மட்டும் குறையில்லாமல் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மதுரை - தூத்துக்குடி சாலையைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்ற வழக்கில், சுங்கம் வசூலிக்கவே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2025 ஜூனில் தடை போட்டது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. ஆக, சாலையில் போனாலும் பிரச்னை உண்டு. ஆனால் ஒன்று, சாலை தினமும் உண்டு. எந்தக் கிழமையிலும் உண்டு.

வேகம் இல்லை, வரவுதான் விஷயம்

ரயில் என்றாலே நாம் வேகத்தைத்தான் பேசுகிறோம். 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் விட்டபோது, மீட்டர்கேஜிலேயே பகலுக்குள் மதுரையிலிருந்து சென்னை போக முடிகிறதே என்று வியந்தோம். 2019-ல் தேஜஸ், 2023 செப்டம்பரில் திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத். வந்தே பாரத் விருதுநகரில் நிற்கிறது. அங்கிருந்து எழும்பூருக்கு ஆறரை மணி நேரம் போலத்தான். எந்தக் காராலும் சாலை விதியை மதித்துக்கொண்டு அந்த நேரத்தில் போக முடியாது.

அப்படியென்றால் ரயில் ஜெயித்துவிட்டதா? விருதுநகரில் குடியிருப்பவர்களுக்கு ஜெயித்துவிட்டது. எம்.ரெட்டியபட்டிக்காரருக்கு இல்லை. ஐந்நூறு கிலோமீட்டரை ரயில் ஆறரை மணி நேரத்தில் கடந்துவிடும். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்குமான கொஞ்ச தூரத்தைக் கடக்க இரண்டு பஸ் மாற வேண்டும். விடியற்காலையிலும் ராத்திரியிலும் அந்த பஸ் இருக்காது. அந்தக் கொஞ்ச தூரத்துக்காகக் காரை எடுக்கிறோம். எடுத்த காரை ஸ்டேஷனில் விடுவானேன் என்று சென்னை வரைக்கும் ஓட்டிவிடுகிறோம்.

சுவிட்சர்லாந்துக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? அங்கே வீட்டுக்கு வீடு கார் உண்டு, நல்ல சாலையும் உண்டு. 1982-ல் அவர்கள் நாடு முழுக்க மணிக்கு ஒரு ரயில் என்று கால அட்டவணை போட்டார்கள். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ரயில் என்றால், ஒன்பது ஐந்துக்கும் உண்டு, பத்து ஐந்துக்கும் உண்டு. அட்டவணையை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 1987-ல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, இந்த ஏற்பாட்டைப் பெரிதாக விரிவாக்க ஒப்புதல் வாங்கினார்கள். எவ்வளவு வேகமாக ஓட்ட முடியும் என்று அவர்கள் பார்க்கவில்லை. அடுத்த இணைப்பு வண்டியைப் பிடிக்க எவ்வளவு வேகம் தேவை என்று பார்த்தார்கள். மலைக் கிராமங்களுக்குப் போகும் மஞ்சள் நிற அஞ்சல் பஸ்கள் ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கும். ரயிலில் இறங்கியவர் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் புறப்படும்.

நாம் சுவிட்சர்லாந்து ஆக வேண்டாம். அருப்புக்கோட்டை ஸ்டேஷனுக்கு ரயில் வரும் நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் வந்து நின்றால் போதும். திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி பக்கம் போகிறவர்கள் அதில் ஏறிவிடுவோம். சிலம்பு தினமும் ஓடினால் போதும். புதிய தண்டவாளம் போட வேண்டாம், மலையைக் குடைய வேண்டாம். இருக்கிற தண்டவாளத்தில் இருக்கிற ரயிலை எல்லா நாளும் ஓட்டுவதைத்தான் கேட்கிறோம். தினமும் வந்தால் பழக்கம் வரும். பழக்கம் வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்த பிறகு ரயிலை விடுகிறோம் என்றால், அது நீச்சல் கற்ற பிறகு கிணற்றில் இறங்கு என்பது போல.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 58 வயது தாண்டிய பெண்களுக்குப் பாதிக் கட்டணம், 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி என்று ரயிலில் இருந்தது. கொரோனா நேரத்தில், 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அது இன்னும் திரும்பி வரவில்லை. காரில் போக முடியாத வயதில் இருப்பவர்களுக்குத்தான் ரயில் அதிகம் தேவைப்படுகிறது.

நம் கையில் இருப்பது

அரசாங்கம் செய்வது எப்போது என்று நமக்குத் தெரியாது. நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து மாறிவிட்டது. விசேஷத் தேதி தெரிந்ததும் அறுபதாவது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை வேண்டுமென்றால், குடும்பத்தோடு ஒரே டிக்கெட்டில் அவர்கள் பேரைச் சேர்க்காதீர்கள். 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ பதிவு செய்யும்போதுதான் கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டில் கேட்க முடியும். ஆறு பேர் டிக்கெட்டில் அம்மா பேரைப் போட்டுவிட்டு, ரயிலில் ஏறி எதிர் சீட்டுக்காரரிடம் கெஞ்சுவது எத்தனை பேர் வீட்டில் நடக்கிறது!

உங்கள் ஊர் ஸ்டேஷனில் அன்றைக்கு வண்டி இல்லையா? பக்கத்துப் பெரிய ஸ்டேஷனைப் பாருங்கள். எங்களுக்கு விருதுநகர். அங்கே சென்னைக்கு முத்துநகர், பொதிகை என்று தினசரி ராத்திரி வண்டிகள் உண்டு. கார் இருந்தால் அதை அந்த ஸ்டேஷன் வரைக்கும் எடுங்கள். சென்னை வரை வேண்டாம்.

காரில்தான் போயாக வேண்டும் என்றால் பகலில் போங்கள். முன்னால் உட்காருபவர் தூங்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, யாரும் கேட்காமலே, நல்ல கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேட்க மாட்டார்கள்.

தண்ணீர் பாட்டில்

எங்கள் வீட்டில் கடைசியில் இப்படி முடிந்தது. வளைகாப்புக்கு முதல் நாள் ராத்திரி சிலம்பு இல்லை. அதற்கு முந்தின நாள் உண்டு. அம்மாவும் நானும் அதில் போவது, அண்ணன் குடும்பம் சாமானோடு பகலில் காரில் வருவது. ராத்திரிப் பயணம் வேண்டாம் என்று முதலில் சொன்னது அண்ணன்தான்.

அண்ணனே எங்களை அருப்புக்கோட்டை ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை. வண்டி கிளம்பி, திருச்சுழிப் பக்கம் இருட்டில் கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னல் ஓரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். மானாமதுரை வருவதற்குள் கை நீட்டித் தண்ணீர் பாட்டிலை வாங்கி, மடமடவென்று பாதியைக் குடித்தாள். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாள். அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை வாக்குவாதம்.

திரும்பும் நாளில் சிலம்பு இல்லை. எழும்பூரில் வந்தே பாரத் ஏறி விருதுநகரில் இறங்கினோம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. முதல் நாளே ஊர் வந்து சேர்ந்திருந்த அண்ணன் காரோடு ஸ்டேஷன் வாசலில் நின்றார். அங்கிருந்து வீடு வரைக்கும் கார். அந்தத் தூரத்துக்குக் காரைப் போல சௌகரியம் எதுவும் இல்லை என்று அம்மாவே சொன்னாள்.

போகிற வழியில், அடுத்து குழந்தை பிறந்ததும் பார்க்கப் போக வேண்டுமே என்று பேச்சு வந்தது. அண்ணன் சிரித்தார்.

"ஏம்மா, புள்ள என்னைக்குப் பொறக்கும்னு அறுபது நாளைக்கு முன்னாடியே சொன்னாத்தான் ரயில்ல எடம் கிடைக்குமாம்ல. அதுவும் சிலம்பு உள்ள கிழமையாப் பாத்துப் பொறக்கணும். என்ன செய்யலாம்?"

அம்மா யோசிக்கவே இல்லை.

"புள்ள கிழம பாத்தா வரும்? ரயில தெனமும் விடச் சொல்லு."